ஞானதிரவியத்தின் தேய்மானம்

கடம்பவனம் குழுமத்தின் நிலைச்சொத்துப் பதிவேட்டில் 7112ஆம் வரிசையில் ஒரு மனிதர் இருந்தார். அதில் தவறு ஒன்றும் இல்லை. பெரிய நிறுவனங்களின் பதிவேடுகளில் ஐந்தாறு மனிதர்களாவது இருப்பார்கள். அவர்களுக்குத் தேய்மானம் ஒழுங்காகக் கழிக்கப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் தணிக்கை அதிகாரி பார்க்க வேண்டும்.

தில்லைநாயகி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தொன்பது வருடமாகப் பெருநிறுவனங்களின் வரிக்கணக்கைத் தணிக்கை செய்கிறவள். ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் இருந்தது. பதிவேட்டைப் புரட்டும்போது அவளுடைய விரல் எங்கே தானாக நிற்கிறதோ அங்கே ஏதோ கோளாறு இருக்கும் என்று துறையில் பேச்சு உண்டு. அன்று விரல் 7112இல் நின்றது. அவள் நகர்த்திப் பார்த்தாள். அது நகரவில்லை.

பெயர்: ஞானதிரவியம். எண்ணிக்கை: ஒன்று. நிலை: உயிருடன். வகை: மேசை, நாற்காலி முதலியன. தேய்மானம்: ஆண்டுக்குப் பத்து சதவீதம். பதிவேட்டில் ஏற்றிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

அவளுக்கு அந்தப் பெயரைத் தெரியும்.

ஞானதிரவியம் அவளுக்குக் கீழே ஆய்வாளராக இருந்தவர். அவளைவிட ஐந்து வயது மூத்தவர். பதினோரு வருடத்துக்கு முன்னால், இதே கடம்பவனம் குழுமத்தைப் பற்றி நான்கு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி அவள் மேசையில் வைத்தார். திருமுல்லைவாயில் பக்கம் ஒரு கிடங்குக்கு நிறுவனம் வருடா வருடம் வாடகைச் செலவு காட்டுகிறது, அந்த முகவரிக்கு நேரில் போய்ப் பார்த்தேன், அங்கே கிடங்கு இல்லை, எருக்கஞ்செடிதான் இருக்கிறது என்று அதில் இருந்தது.

தில்லைநாயகி அதை மூன்று முறை படித்தாள். அன்று பிற்பகல் மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. அவர்கள் குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். அவள் குறிப்பைக் கிழிக்கவில்லை. கிழிப்பதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஈரக் குடையை எடுத்து அந்த நான்கு தாள்களின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் மை கரைந்து தாளெல்லாம் நீலமாக இருந்தது.

குறிப்பு என்ன ஆனது என்று நடந்த துறை விசாரணையில், "அப்படி எந்தக் குறிப்பும் எனக்கு வரவில்லை" என்றாள். கோப்பைத் தொலைத்ததாக ஞானதிரவியத்தின் மேல் குற்றம் சுமத்தப்பட்டது. அவர் வேலை போனது. அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்று அவள் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் இருப்பதும் ஒரு வேலைதான். அதைப் பதினோரு வருடம் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் செய்தாள்.

இப்போது அவர் வரிசை எண் 7112.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு அவள் அம்பத்தூரில் இருந்த கடம்பவனம் குழுமத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போனாள். கணக்குப் பிரிவின் தலைவர் சேதுமாதவன் வாசலிலேயே காத்திருந்தார். எப்போதும் குளித்துவிட்டு அப்போதுதான் வந்தவர்போல இருக்கிறவர். கையில் இளநீர் வைத்திருந்தார். தில்லைநாயகி தணிக்கைக்குப் போகும் இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். மறுக்கப்படுவதற்காகவே அதை வைத்திருந்தார்.

"வேண்டாம்" என்றாள்.

"நன்றி மேடம்" என்றார். "இன்னைக்கு எதைப் பாக்கணும்?"

"சொத்துக்களை நேர்ல சரிபாக்கணும்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணை மட்டும். 7112."

சேதுமாதவனின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இளநீரை மட்டும் சுவரோரமாக வைத்தார்.

"அது உள்ள இருக்கு மேடம். கொஞ்சம் நடக்கணும்."

நடந்தார்கள். பெரிய நிறுவனங்களில் அசலை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டால் நடைபாதை நீளும். நகலைக் கேட்டால் நீளாது. இது தணிக்கைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தில்லைநாயகி அதற்கென்றே தேயாத செருப்பு வைத்திருந்தாள். முதல் ஒரு மணி நேரம் இரண்டு பக்கமும் அறைகள் இருந்தன. பிறகு அறைகள் நின்றுபோய் வெறும் கதவுகள் வந்தன. பிறகு கதவுப்பிடிகள் மட்டும் வந்தன. வழியில் சில ஊழியர்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். சேதுமாதவனைக் கண்டதும் எழுந்து நின்றார்கள்.

"அவர் எப்படி உங்ககிட்ட வந்தார்?" என்று கேட்டாள் தில்லைநாயகி.

"உங்க துறைதான் குடுத்துச்சு மேடம்."

"துறை ஆளைக் குடுக்குமா?"

சேதுமாதவன் நடந்துகொண்டே ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அது ஞானதிரவியத்தின் கோப்பில் இருந்த கடைசித் தாள். 'உரியபடி அப்புறப்படுத்தவும்' என்று எழுதியிருந்தது. கீழே அவளுடைய சுருக்கொப்பம். பச்சை மை.

"கோப்பைத்தான் சொன்னேன்" என்றாள்.

"கோப்புன்னு எழுதலியே மேடம். எங்க ஆளுங்க ரெண்டு தடவை படிச்சுப் பாத்தாங்க. வண்டி வச்சு எடுத்துட்டு வந்தோம். வண்டிச் செலவைக்கூட நாங்க கணக்குல காட்டல."

அவள் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். எழுதியது நினைவுக்கு வந்தது. அன்று அதுபோல் நாற்பது கோப்பு. எல்லாவற்றிலும் அதையே எழுதியிருந்தாள். மற்ற முப்பத்தொன்பதும் எங்கே போயிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அங்கேயே நிறுத்திக்கொண்டாள். அவளுக்குப் பழக்கமான வேலை.

நடைபாதை முடிந்த இடத்தில் ஒரு இரும்புக் கதவு நின்றது. கதவுக்கு இரண்டு பக்கமும் சுவர் இல்லை. மேலே கூரை இல்லை. கதவு மட்டும் பூட்டியிருந்தது. அதைச் சுற்றி எருக்கஞ்செடிகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன.

"இது அந்தக் கிடங்கா?" என்றாள்.

"ஆமா மேடம்."

"அதுதான் இல்லையே."

"ஆமா மேடம். அதனாலதான் இடம் நெறைய இருக்கு."

சேதுமாதவன் பூட்டைத் திறந்தார். கதவைச் சுற்றிக்கொண்டும் போகலாம். ஆனால் அது முறையில்லை. இருவரும் கதவு வழியாகவே போனார்கள்.

உள்ளே ஒரு மர நாற்காலி இருந்தது. அதன் மேல் ஞானதிரவியம் உட்கார்ந்திருந்தார். கால் தரைக்கு எட்டவில்லை. மணிக்கட்டில் 7112 என்று தகடு கட்டியிருந்தது. வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் பேனா, மூக்குக்கண்ணாடி, எல்லாம் அவர் அளவுக்கே இருந்தன. தில்லைநாயகியைப் பார்த்ததும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கவனமாகக் கீழே இறங்கினார். நிமிர்ந்து நின்றார்.

"குட் மார்னிங் மேடம்."

அவள் கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். கைக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது.

வேலையில் சேர்ந்தபோது அவர் உயரம் அறுபத்தேழு அங்குலம். அது பணிப்பதிவேட்டில் இருக்கிறது. வருடத்துக்குப் பத்து சதவீதம் வீதம் பதினோரு வருடம் கழித்தால் எவ்வளவு வர வேண்டும் என்று அவளுக்கு மனக்கணக்காகவே தெரியும். மண்டியிட்டு அளந்தாள். இருபத்தோரு அங்குலம். சரியாக இருந்தது.

"கணக்கு சரிதான் மேடம்" என்றார் ஞானதிரவியம். "வருசா வருசம் மார்ச் கடைசில நானே சரிபாத்துருவேன். முதல் வருசம் மட்டும் ஒரு அங்குலம் கூடுதலாக் கழிச்சுட்டாங்க. எழுதிக் குடுத்தேன். திருத்திட்டாங்க."

"ரொம்ப நேர்மையான சொத்து" என்றார் சேதுமாதவன்.

"இவரை ஏன் மேசை நாற்காலி வகையில சேத்தீங்க?"

"வேற எதுல சேக்கறது மேடம்? இயந்திரம்னு போட்டா பதினஞ்சு சதவீதம். எங்களுக்கு லாபம்தான். ஆனா இந்நேரம் பதினோரு அங்குலம்தான் இருந்திருப்பாரு. பாவம்னு பத்து போட்டோம்."

ஞானதிரவியம் அதை ஆமோதித்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைத் தில்லைநாயகியால் பார்க்க முடியவில்லை. எருக்கஞ்செடியைப் பார்த்தாள்.

"கடைசியில இல்லாமப் போயிருவாரா?"

"இந்த முறையில போக மாட்டாரு மேடம். எப்பவும் மிச்சத்துலதான பத்து சதவீதம்? கொஞ்சம் இருந்துகிட்டேதான் இருப்பாரு." சேதுமாதவன் சரிபார்ப்புத் தாளை நீட்டினார். "இங்க ஒரு கையெழுத்து."

அவள் பேனாவைத் திறந்தாள். 'சரிபார்க்கப்பட்டது' என்று அச்சடித்திருந்தது. கணக்கு சரிதான். அளவு சரிதான். பதிவேட்டில் இருந்தது, பொருளும் இருந்தது. இருபத்தொன்பது வருடத்தில் இவ்வளவு சுத்தமான ஒரு பதிவை அவள் பார்த்ததில்லை. பேனாவை மூடினாள்.

"தப்பு இருக்கு" என்றாள்.

"எதுல மேடம்?"

"என்கிட்ட. குறிப்பு வந்துச்சு. வரலைன்னு சொன்னேன். தப்பு என்னோடது."

ஞானதிரவியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சேதுமாதவன் சங்கடப்படவில்லை.

"அதுக்குத் தனியா ஒரு பிரிவு இருக்கு மேடம். செடிக்கு அந்தப் பக்கம்."

எருக்கஞ்செடிக்கு அந்தப் பக்கம் ஒரு மேசை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மேசையில் 'ஒப்புதல்' என்று பலகை இருந்தது. அவளுக்கு எதிரே தேய்ந்த பெஞ்சு. நிறைய அதிகாரிகள் வந்து உட்கார்ந்த பெஞ்சு என்று பார்த்தாலே தெரிந்தது. அந்தப் பெண் நிமிராமல் கேட்டாள்.

"எந்த வருசத்துக் குற்றம்?"

"பதினோரு வருசம் ஆச்சு."

"ஆறு வருசத்துக்கு மேல போனதைத் திறக்க முடியாதும்மா. காலாவதி."

"நான் ஒத்துக்கறேன். எழுதித் தர்றேன்."

"ஒத்துக்கலாம். நாங்க வாங்க முடியாது."

"தண்டனை?"

"காலாவதியானதுக்கு எப்படிம்மா தண்டனை குடுக்கறது? யாருக்குக் கணக்குச் சொல்றது?"

"அப்போ இதை நான் என்ன செய்ய?"

அந்தப் பெண் முதல்முறையாக நிமிர்ந்தாள். அன்பான முகம்.

"வச்சுக்கலாம்மா. அதுக்கு வரி கிடையாது."

தில்லைநாயகி பெஞ்சில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அழுகைக்கும் ஆறு வருடம்தான் போலிருக்கிறது. எழுந்து நாற்காலிக்குத் திரும்பினாள். ஞானதிரவியம் நின்றபடியே இருந்தார். அவள் உட்காராமல் அவர் உட்கார மாட்டார். அந்த நாட்களிலும் அப்படித்தான்.

"சார்" என்றாள் தில்லைநாயகி. அவரை அவள் சார் என்று கூப்பிட்டது அதுவே முதல்முறை. "அந்தக் குறிப்பு. நகல் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"தாள்ல இல்ல மேடம்."

"வேற எதுல?"

"மனப்பாடமா இருக்கு. நாலு பக்கமும். இங்க வேற வேலை இல்ல பாருங்க. தினம் ஒரு தடவை சொல்லிப் பாத்துக்குவேன்."

தில்லைநாயகி அவரையே பார்த்தாள். பிறகு சேதுமாதவன் பக்கம் திரும்பினாள். குரல் அவளுடைய பழைய குரலாக இருந்தது.

"இவர் ஆவணம்."

"மேடம்?"

"அசல் ஆவணம். தணிக்கைக்குத் தேவைப்படற ஆவணத்தை நான் கைப்பற்றலாம். பதினஞ்சு நாள் வச்சிருக்கலாம். எனக்கு அதிகாரம் இருக்கு. ரசீது தர்றேன்."

சேதுமாதவன் யோசித்தார். சட்டப்படி அதில் ஓட்டை இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. "காரணம் எழுதணுமே மேடம்" என்றார் மெதுவாக. "இதுல எந்த ஆவணம் இருக்கு, அது எப்படி வந்துச்சு, ஏன் இதுவரைக்கும் கைப்பற்றலை, எல்லாம். ஒரு பிரதி உங்க ஆணையருக்குப் போகும்."

"தெரியும்."

"ஓய்வுக்கு நாலு மாசம்தானே இருக்கு?"

"ஆமா."

அவள் மரநாற்காலியை மேசையாக வைத்துக்கொண்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதினாள். காரணத்துக்கு நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். ஞானதிரவியம் எழுதிய குறிப்பு இன்ன தேதியில் என் கைக்கு வந்தது. நான் படித்தேன். வேண்டுமென்றே அதன்மேல் ஈரக் குடையை வைத்து அழித்தேன். விசாரணையில் பொய் சொன்னேன். நான்கு வரியும் தீர்ந்துவிட்டது. இன்னும் எழுத இருந்தது. இடம் இல்லை.

சேதுமாதவன் குனிந்து படித்தார்.

"மேடம், நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. 'வேண்டுமென்றே'ங்கறதை மட்டும் எடுத்துடலாமே. குடையை வச்சேன், மை கரைஞ்சுது. அவ்வளவுதானே நடந்துச்சு? பென்ஷனுக்கு ஒண்ணும் வராது."

அது நல்ல யோசனை. அவள் பேனா அந்தச் சொல்லின் மேல் போய் நின்றது. அடிக்க ஒரு கோடு போதும். ஞானதிரவியம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த முடிவுக்கும் தான் தடையாக இருந்துவிடக் கூடாது என்பதுபோல.

"இருக்கட்டும்" என்றாள். கையெழுத்துப் போட்டாள். சுருக்கொப்பம் அல்ல, முழுப் பெயர்.

ரசீதை வாங்கிக்கொண்ட சேதுமாதவன் மணிக்கட்டுத் தகட்டைக் கழற்றினார். "பாத்துக் கொண்டுபோங்கம்மா" என்றார். அந்த 'மேடம்' என்ற சொல் எங்கேயோ போய்விட்டிருந்தது.

திரும்பும்போது நடைபாதை பதினாறு அடிதான் இருந்தது. அதற்குள்ளேயே ஆணையர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என்ன எழுதியிருக்கீங்க?"

"நடந்ததை, சார்."

"நடந்ததை எழுதறதுக்கு நம்மகிட்ட படிவமே கிடையாதே."

"காரணம்னு நாலு வரி இருந்துச்சு சார்."

"நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார் ஆணையர். பிறகு, "ஆபீஸ் வண்டியை இப்பவே அனுப்பிடுங்க."

வாசலுக்கு வந்தபோது வண்டி ஏற்கெனவே போயிருந்தது. பேருந்து நிறுத்தம் தொலைவில் இல்லை. ஞானதிரவியம் நடக்கிறேன் என்றார். நடந்தார். நூறு அடி போவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. தில்லைநாயகி தயங்கித் தயங்கி, கோப்பு கொண்டுவரும் துணிப்பையை விரித்துக் காட்டினாள். "தப்பா எடுத்துக்காதீங்க சார்." அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். தலை மட்டும் வெளியே தெரிந்தது.

பேருந்தில் நடத்துநர் அவளைப் பார்த்து, "உங்களுக்கு இலவசம்மா" என்றார். பையைப் பார்த்தார். "இது?"

"ஆவணம்."

"பேசுமா?"

"கேட்டா பேசுவேன். வீட்டுக்குப் போறேன், கொரட்டூர்" என்றார் ஞானதிரவியம்.

"அப்ப லக்கேஜ் போட முடியாது. ஒரு கொரட்டூர்" என்று சீட்டைக் கிழித்து ஞானதிரவியத்திடமே கொடுத்தார். அவர் அதை இரண்டு கையாலும் விரித்துப் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு நிறுத்தம் போன பிறகு அவர் பேசினார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சார்."

"அந்தக் குறிப்பை முழுசாப் படிச்சீங்களா?"

"மூணு தடவை."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். உண்மையில் அவருக்குத் தெரிந்தது முன்சீட்டின் கம்பிதான்.

"நல்லா இருந்துச்சா?"

அவர் திட்டுவார் என்று தில்லைநாயகி எதிர்பார்த்திருந்தாள். திட்டுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று பதினோரு வருடமாக, தனக்கே தெரியாமல், தயார்செய்து வைத்திருந்தாள்.

"நான் படிச்சதுலயே அதுதான் நல்ல குறிப்பு."

"இல்ல, ரெண்டாம் பக்கத்துல எருக்கஞ்செடின்னு எழுதினேன் பாருங்க. அது வேண்டாமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். வெறும் காலி மனைன்னு எழுதியிருக்கலாம். அதிகாரிங்க படிக்கிறதுல செடியெல்லாம் எதுக்குன்னு."

"எருக்கஞ்செடிதான் சார் சரி. அதனாலதான் நீங்க வெயில்ல நேர்ல போய் நின்னது தெரிஞ்சுது."

"அப்படியா?"

"ஆமா."

அவர் முகம் மலர்ந்தது. அவர் வளரவில்லை. வளர்வார் என்று ஒரு கணம் எதிர்பார்த்ததற்காகத் தில்லைநாயகி வெட்கப்பட்டாள்.

கொரட்டூரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவள் ஞானதிரவியத்தின் மனைவி ஜெபக்கனி. நெடுநெடுவென்று உயரம். தலைமுடியை ஈரத்தோடு முடிந்திருந்தாள். முதலில் தில்லைநாயகியைப் பார்த்தாள். பிறகு பையைப் பார்த்தாள்.

"வந்துட்டியளா" என்றாள். "சாப்ட்டியளா?"

"இன்னும் இல்ல" என்றார் ஞானதிரவியம்.

ஜெபக்கனி அவரைத் தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் உட்கார வைத்தாள். ஒரு சின்னக் கிண்ணத்தில் சோறும் குழம்பும் போட்டுக் கொடுத்தாள். உயரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சட்டைக் காலரில் இருந்த அழுக்கை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான்தான்..." என்று ஆரம்பித்தாள் தில்லைநாயகி.

"தெரியும். உங்க கையெழுத்த நோட்டீஸ்ல பாத்திருக்கேன்."

"நான் பொய் சொன்னேன். அதனாலதான் இவருக்கு இப்படி ஆச்சு."

"ம்."

"நீங்க என்னை ஏதாவது சொல்லணும்."

ஜெபக்கனி குழம்புக் கரண்டியை வைத்தாள். "என்ன சொல்லணும்?"

தில்லைநாயகி காலித் துணிப்பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எத்தன நாளைக்கு விட்டிருக்காங்க?" என்று கேட்டாள் ஜெபக்கனி.

"பதினஞ்சு நாள்."

"அதுக்கப்புறம்?"

"நீட்டிக்கலாம். காரணம் எழுதணும்."

"அதே காரணமா?"

"அதேதான். ஒவ்வொரு பதினஞ்சு நாளுக்கும் முதல்லேர்ந்து எழுதணும். வேலை இல்லாட்டாலும் பரவாயில்ல. அதே கை எழுதினா போதும்."

"அப்ப எழுதுங்க" என்றாள் ஜெபக்கனி. கடிகாரத்தைப் பார்த்தாள். "அஞ்சு மணிக்கு ரேசன் கடைய மூடிருவாங்க. இவுகள ஒரு விரல் வைக்கச் சொல்லணும். எனக்கு ரேகை போயிட்டு. நாலு வீட்டுல பாத்திரம் தேச்சு தேச்சு, மெசினு என்னய யாருன்னே தெரியலங்குது. மூணு மாசமா அரிசி வாங்கல."

மூன்று பேரும் ரேஷன் கடைக்குப் போனார்கள். வரிசை நீளமாக இருந்தது. யாரும் ஞானதிரவியத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரேஷன் வரிசையில் எல்லா அளவிலும் ஆட்கள் நிற்பார்கள். தில்லைநாயகி இதற்குமுன் ரேஷன் கடை வரிசையில் நின்றதில்லை. கால் மாற்றி நிற்பது எப்படி என்று முன்னால் நின்றவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

அவர்கள் முறை வந்தது. ஜெபக்கனி கணவரை இடுப்பில் தூக்கிப் பிடித்தாள். கடையில் இருந்த பெண் கருவியை நீட்டினாள். ஞானதிரவியம் கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பெரியவரே, அழுத்தி வைங்க."

அழுத்தி வைத்தார். சிவப்பு.

"ரேகை ரொம்ப நெருக்கமா இருக்கு. மெசினுக்குப் படிக்க வரல. கூட வந்தவங்க யாராச்சும் வைங்க."

"இவங்க எங்க வீட்டு ஆளு இல்ல" என்றாள் ஜெபக்கனி.

"வைக்கச் சொல்லுங்கம்மா. பின்னாடி ஆளு நிக்கறாங்க."

தில்லைநாயகி கட்டைவிரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. கருவி ஒரு சீட்டைத் துப்பியது. கடைப்பெண் அதைக் கிழித்து உரக்கப் படித்தாள்.

"ஞானதிரவியம். ஆண். வயசு அறுபத்து நாலு. சரியா?"

தில்லைநாயகி ஞானதிரவியத்தைப் பார்த்தாள். அவர் சீட்டை எட்டிப் பார்த்து, எழுத்துப்பிழை இல்லை என்பதுபோலத் தலையசைத்தார். ஜெபக்கனி பையை விரித்துப் பிடித்தாள்.

"சரி" என்றாள் தில்லைநாயகி.

அரிசி போட்டார்கள். சர்க்கரை போட்டார்கள். துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

"அப்ப மாசாமாசம் நீங்க வந்துருங்க" என்றாள் ஜெபக்கனி. "முத வாரம் வேண்டாம். கூட்டமா இருக்கும்."

"வர்றேன்."

ஜெபக்கனி அவரைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர் அவள் தோளுக்கு மேலாக வீட்டு விஷயம் ஏதோ கேட்டுக்கொண்டே போனார். தில்லைநாயகி அரிசிப் பையைத் தூக்க முயன்றாள். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் வந்து ஒரு கை கொடுத்தார்.

"தூக்கிருவீங்களா சார்?" என்று கேட்டார்.

"தூக்கிருவேன்" என்றாள்.

அவர் பையை அவள் தோளில் ஏற்றிவிட்டார். "இத்தன வருசமா உங்களக் காணோமே. எங்க போயிருந்தீங்க?"

தில்லைநாயகி தோளில் இருந்த அரிசிப் பையைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கிடங்குல இருந்தேன்" என்றாள்.